உன் பேரை நீயே எழுது

டுவாடபெரே
ஜூன் 3, 1984

அன்புத் தங்கை நோலீனுக்கு,

அக்கா தெல்மா எழுதுவது. நானும் தம்பி மர்டோவும் இருக்கிறோம். காலையில் தண்ணீர்க் குழாய் உறைந்துபோகிறது. வெந்நீர் ஊற்றி, கூடவே நாலு வசவும் வைத்தால் ஒன்பது மணிக்கு வழிக்கு வருகிறது. கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. அவற்றைக் குறை சொல்ல முடியாது.

உன் கடிதம் வியாழனன்று வந்தது. மூன்று முறை படித்தேன். ஜூலை முதல் வாரம் உன் காரில் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாயாம். டெ அனாவ் வழியாக மலைச் சாலையில் ஏறி, சுரங்கத்தைத் தாண்டி, மலைகளுக்குள் கடல் புகுந்து கிடக்கும் மில்ஃபோர்ட் ஃபியோர்டில் ஓர் இரவு தங்கி, மறுநாள் ஏரிக் குடில் வரை நடந்துவிட்டுத் திரும்பலாமாம். "உனக்கு மலை பிடிக்குமே அக்கா" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு மலை பிடிக்கும் என்பது உனக்கு இப்போதுதான் நினைவு வந்ததா?

பதினாறு வருஷமாகக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்தட்டைதான் நீ. அதில் "அன்புடன் நோலீன்" என்று இரண்டே சொல். டனீடினிலிருந்து இங்கே வர நாலரை மணி நேரம். அப்பா செத்ததற்கு வந்தாய், டீ ஆறும் முன் கிளம்பினாய். இப்போது திடீரென்று என்ன பாசம்? பேத்தி கிர்ஸ்டி சொன்னாள், நீ அவளைச் சாப்பிடக் கூப்பிட்டாயாம். "பாட்டி என்னைப் பத்தி என்ன சொல்றாங்க?" என்று இரண்டு தடவை கேட்டாயாம். ஏன் கேட்டாய்? அம்மா போன பிறகு அடுப்படிக்கு ஆள் வேண்டும் என்று ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். அந்த என் பேத்தி இன்று உன் ஊரில் பல் வைத்தியம் படிக்கிறாள், வகுப்பில் இரண்டாவது. அவள் மூலம் வேவு பார்க்க வேண்டாம். நேராகவே கேள்.

இன்னொன்று. மலைக்குப் போகிறவர்கள் ஜனவரிக் கோடையில் போகிறார்கள். நீ ஜூலைப் பனியில் கூப்பிடுகிறாய். ஜூலை நம் வீட்டில் என்ன மாதம் என்று உனக்குத் தெரியும். அந்தக் குடில் எது என்றும் தெரியும். மர்டோ காலைத் தொலைத்த மாதம், தொலைத்த மலை. முப்பத்துமூன்று வருஷமாக அவன் கட்டைக்காலுக்குப் பட்டை கட்டி அவிழ்ப்பவள் நான். அப்போதிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தேடப் போனவர்கள், தங்குகிறவர்கள் பேரும் போகும் வழியும் எழுதிவைக்கும் குடில் நோட்டைப் பார்த்தார்கள். "இருவரும் நாளைக் காலை சாலைக்கு இறங்குகிறோம்" என்று உன் கையெழுத்து. செவ்வாயன்று நீ கொடுத்த தந்தியும் "சாலைவரை ஒன்றாக வந்தோம்" என்றது. வியாழனன்று இன்னொரு தந்தி: "மேற்குப் பள்ளத்தாக்குக்குத் திரும்பிப் போவதாகச் சொன்னான்." செவ்வாயன்று இல்லாத பள்ளத்தாக்கு வியாழனன்று எங்கிருந்து முளைத்தது? அதுவும் மர்டோ, இறங்கிய மேட்டை மறுபடி ஏறுகிற பிறவியா அவன்? மாடியில் மறந்துவிட்ட தொப்பிக்காக மறுபடி படியேறாமல் வெறுந்தலையோடு வேலைக்குப் போனவன்.

அவனைக் கேட்டால், "குளிர்ல புத்தி கெட்டுப்போச்சு அக்கா, விடு" என்பான். உன்னைக் கேட்டால் வாழ்த்தட்டை வரும்.

அந்தக் கதையைச் சொல்லத்தான் கூப்பிடுகிறாய் என்றால் வருகிறேன். வேறு எதற்கு என்றாலும் வருகிறேன், ஏனென்றால் எதற்கு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பக்கத்து வீட்டு ஹேமி அன்றிரவு மர்டோவோடு படுத்துக்கொள்வான்.

உன் அக்கா,
தெல்மா


டனீடின்
ஜூன் 11, 1984

என் அன்பு அக்காவுக்கு,

நீ வருகிறேன் என்றதே எனக்குப் போதும். மற்றதையெல்லாம் நீ திட்டியதாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன வயதில், பால்காரர் எதிரிலேயே பாலில் விரலை விட்டுப் பார்த்தவள் நீ. உன்னிடம் சந்தேகம் வாங்காதவர் நம் ஊரில் பாதிரியார் மட்டும்தான், அதுவும் அவர் கோவிலுக்குள் இருக்கும்வரை.

சென்ற டிசம்பரோடு பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வீடு அமைதியாக இருக்கிறது. கிர்ஸ்டி வந்தால் கலகலப்பாகிறது. அவளிடம் உன் சாயல், பேச்சிலும்கூட. நான் வைத்த கறியைத் தின்றுவிட்டு, "பாட்டி செய்யறது இன்னும் நல்லாருக்கும்" என்று முகத்துக்கு நேரே சொன்னாள்.

குளிர்காலத்தில் ஏன் என்று கேட்டிருக்கிறாய். கூட்டம் இருக்காது, அவ்வளவுதான்.

ஜூலை 5, வியாழன், விடியும் முன் வந்துவிடுகிறேன். பனிச் சாலையில் வழுக்காமல் டயருக்குப் பூட்டும் சங்கிலி என்னிடம் இருக்கிறது, பூட்டத்தான் தெரியாது. உனக்குத் தெரியும் என்று தெரியும். கம்பளிக் குல்லாயும் இரண்டு ஜோடி காலுறையும் எடுத்துக்கொள். அண்ணனுக்குத் தேன் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
நோலீன்


டுவாடபெரே
ஜூலை 9, 1984

நோலீனுக்கு,

வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. மனசில் இருக்கும் வீக்கம் வற்றவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் உன் ஜூன் மாதக் கடிதம். "கூட்டம் இருக்காது, அவ்வளவுதான்" என்பதற்குக் கீழே ஒரு வரியை எழுதி அடித்திருக்கிறாய். பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அடித்திருக்கிறாய். உன் வாழ்க்கையில் நீ எதையும் அடித்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "அண்ணன்" என்ற சொல் மட்டும் தெரிந்தது.

அடுத்து, புறப்பட்ட காலை. மர்டோ வாசலில் கட்டைக்காலை ஊன்றி நின்று சொன்னான்: "ரெண்டு பேரும் ஒழுங்கா திரும்பி வந்துடுங்க. தேடிக்கிட்டு வர எனக்குக் காலு பத்தாது." நானும் ஹேமியும் சிரித்தோம். நீ வெளுத்துப்போனாய். தேன் பாட்டிலை அவன் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டுக் காருக்குள் ஏறினாய்.

டெ அனாவில் தேசியப் பூங்கா அலுவலகத்துக்குள் போனாய். நான் காரில் இருந்தேன். இரண்டு சீஸ் ரோல் தின்றேன், உன்னுடையதையும் தின்றேன், நீ வரவில்லை. ஐம்பது நிமிஷம். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என்னடி பண்ணிட்டிருந்த உள்ள?"

"வானிலை கேட்டேன் அக்கா."

வானிலை வாசலிலேயே பலகையில் எழுதித் தொங்கியது. ஐந்தாம் வகுப்புக்காரிக்கும் விளங்குகிற பெரிய எழுத்து: பகல் தெளிவு, இரவு உறைபனி. அதைக் கேட்டு அழுவார்களா?

பள்ளத்தாக்குக்குள் நுழைந்தபோது நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டிருந்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன். புல் ஒவ்வொன்றும் தனித்தனியாக வெள்ளை பூசிக்கொண்டு நின்றது. குட்டையில் மலை தலைகீழாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. நிறுத்து என்றேன். நிறுத்தினாய். நான் மலையைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கடன் கேட்க வந்தவர்கள்தான் அப்படிப் பார்ப்பார்கள்.

சாலைத் தடுப்பில் அந்தக் காவலாளிப் பையன் குனிந்து கேட்டான்: "சங்கிலி இருக்கா பாட்டிம்மா?"

"இருக்கு. பூட்டவும் தெரியும். பூட்டத் தெரியாம முழிக்கறவங்க பின்னாடி நாலு காரு நிக்குது, அங்க போ."

"சரி சரி, கோவிக்காதீங்க. சுரங்கம் வரைக்கும் எங்கயும் நிறுத்தாதீங்க. மேலேருந்து பனி சரியற இடம். நாளைக்குத் திரும்பறீங்களா?"

அப்போது நீ என்ன செய்தாய்? ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எழுதிக்கங்க. நான் நோலீன். அவங்க தெல்மா. தனித்தனியா எழுதுங்க. நாளைக்கு ஏரிக் குடிலுக்கு நடந்து போறோம். ரெண்டு பேர் போறோம், ரெண்டு பேரும் திரும்பி வர்றோமான்னு பாருங்க" என்றாய். அவன் சிரித்தான். "டீச்சரா?" என்றான். நீ சிரிக்கவில்லை. எழுதினானா என்று எட்டிப் பார்த்தாய்.

சுரங்க வாயில் அந்தப் பச்சைக் கிளிகள் வந்து உன் வைப்பர் ரப்பரைப் பிய்த்துத் தின்றபோதும் விரட்டாமல் உட்கார்ந்திருந்தாய். நான்தான் இறங்கிக் குல்லாயை வீசி விரட்டினேன். ஒரு கிளி குல்லாயையும் கொத்திப் பார்த்தது.

மில்ஃபோர்டில் நாம் படகுத் துறையில் நின்றது நாலரை மணிக்கு இருக்கும். தண்ணீர் கறுப்பாக இருந்தது, அதிலிருந்து மலை நேராக எழும்பியது, உச்சிப் பனியில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. எங்கோ அருவி விழுகிற சத்தம். அறுபத்திரண்டு வயதில் முதல்முதலாக அதைப் பார்த்தேன், நோலீன். வீட்டிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானம் வந்துவிடுகிற தூரம். உன்னிடம் திரும்பி ஏதோ நல்லதாகச் சொல்ல வந்தேன். நீ, "அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றாய். நான் காத்திருந்தேன். "குளிருதா உனக்கு?" என்றாய். குளிருகிறதா என்று கேட்க ஒரு முன்னுரையா?

சரி, குடிலுக்கு வருகிறேன். காடு முழுக்கப் பாசி உறைந்து, மிதித்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கியது. ஒன்றரை மணி நேரம் ஏறினோம். என் முழங்காலுக்காக நீ நின்று நின்று வந்தாய், அதற்கு நன்றி. குடிலில் அடுப்பு மூட்டினேன். நீ நோட்டைத் திறந்து எழுதினாய்.

"என் பேரையும் சேத்து எழுதிடு. கண்ணாடி கார்ல இருக்கு" என்றேன்.

"மாட்டேன்."

"என்னது?"

"உன் பேரை நீயே எழுது அக்கா."

"கண்ணு தெரியலைங்கறேன்."

"தடவி எழுது. கோணலா வந்தா வரட்டும். நான் எழுத மாட்டேன்."

"நான் எழுதறதப் பாத்துச் சிரிக்கவா இம்புட்டு தூரம் கூட்டிட்டு வந்த? ஐந்தாங் கிளாஸோட நின்னவ கையெழுத்து எப்படி இருக்குன்னு பாக்கணுமா?"

நீ பேனாவை என் கையில் திணித்துவிட்டு வெளியே போனாய். நான் எழுதினேன். என் பேர் இரண்டு கோட்டுக்குள் நிற்காமல் மூன்றாவது கோட்டில் விழுந்தது. என் பிள்ளையின் கல்யாணப் பதிவில் நான் கையெழுத்துப் போட்டபோதுகூட எனக்கு இவ்வளவு அவமானமாக இல்லை.

அப்படியே இறங்கித் திரும்பினோம். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டாய். மர்டோ கெட்டிலை அடுப்பில் ஏற்றி, மூன்று கோப்பை எடுத்து வைத்திருந்தான். நீ உள்ளே வரவில்லை.

என்னை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய்? ஐம்பது நிமிஷம் அந்த அலுவலகத்தில் என்ன செய்தாய்? எதற்கு என்னை அந்தக் குடிலுக்குக் கூட்டிப் போனாய்? மூன்றுக்கும் பதில் வேண்டும். வாழ்த்தட்டை அனுப்பாதே.

தெல்மா


டனீடின்
ஜூலை 16, 1984

அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க என்று நீ நினைத்ததைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். அது அப்படி இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை நான் இன்னொருவர் பேரை எந்த நோட்டிலும் எழுதியதில்லை. பள்ளியில் வருகைப் பதிவுக்குக்கூடப் பிள்ளைகளை வரிசையாக வந்து அவரவர் பேரை எழுத வைத்தேன். புதுமையான டீச்சர் என்று பாராட்டினார்கள்.

சொல்கிறேன். அந்த வருஷம் ஜூலையில், சனிக்கிழமை மாலை நானும் அண்ணனும் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். போனதும் நான் நோட்டில் எழுதினேன், இருவருக்கும் சேர்த்து, அழகாக. ஞாயிறு காலை எழுந்ததும் அவன், "மேற்குப் பள்ளத்தாக்குல மான் இறங்கியிருக்கும், நான் ஒரு நாள் போய்ட்டு வரேன். நீ போ. நோட்டுல மாத்திடு" என்றான். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நோட்டைத் திறந்தேன். அடிக்க மனசு வரவில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது, முதல் வேலை, கரும்பலகையில் ஒரு எழுத்து கோணினால் முழு வரியையும் அழித்து எழுதுகிறவள். அந்தப் பக்கம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. கீழே புதிதாக ஒரு வரி எழுதலாம் என்றால், சாலையில் சுரங்க வேலையாட்களின் லாரி போய்விடும், அதை விட்டால் திங்கள் வகுப்புக்கு ரயில் கிடைக்காது. நாளைக்குத் திரும்பி வருகிறவன்தானே, அவனே எழுதிக்கொள்வான் என்று மூடிவிட்டேன்.

செவ்வாயன்று அப்பாவின் தந்தி பள்ளிக்கு வந்தது. "மர்டோ உன்னோடு இருக்கிறானா?" தலைமையாசிரியர் எதிரிலேயே நின்றார். நான் மாற்றவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் எங்காவது மதுக்கடையில் இருப்பான், நாளைக்கு வந்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்தப் பதிலைக் கொடுத்தேன். வியாழன்வரை தூங்கவில்லை. பிறகு இரண்டாம் தந்தி. அப்போதும் உண்மையில் பாதிதான். இரண்டு நாள், அக்கா. கணுக்கால் உடைந்து, நனைந்த பூட்ஸோடு அவன் பாறைக்கடியில் கிடந்ததில் இரண்டு நாள் என்னுடையது. புதன்கிழமை வந்திருந்தால் பாதம் பிழைத்திருக்கும் என்று டாக்டர் உன்னிடம் சொன்னதை நீதான் எனக்கு எழுதினாய். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அலுவலகத்தில் பழைய குடில் நோட்டுகளை ஒரு அலமாரியில் வைத்திருக்கிறார்கள். 1951-ஐக் கேட்டேன். என் வரி அப்படியே இருக்கிறது, ஒரு அடித்தல்கூட இல்லாமல். அதற்கு நேர் கீழே தேடிப்போன யாரோ எழுதியிருக்கிறார்: "குடிலில் ஆள் இல்லை. மேலே எழுதியிருப்பதை நம்பி சாலைக்குத் திரும்புகிறோம்." அதைப் படித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

ஏன் இப்போது என்று கேட்பாய். கிர்ஸ்டி ஒருநாள் சாப்பிடும்போது, "பாட்டிக்கு மலைன்னா உசுரு, ஆனா மர்டோ தாத்தாவ விட்டுட்டு ஒரு ராத்திரிகூட வெளிய தங்கினதில்ல" என்றாள். அதுவரை நான் அண்ணனின் காலை மட்டும்தான் எடுத்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

அந்த இடத்திலேயே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். படகுத் துறையில் முடியவில்லை. குடிலில் முடியவில்லை. அண்ணன் மூன்று கோப்பை எடுத்து வைத்திருப்பான் என்று தெரிந்துதான் உள்ளே வரவில்லை.

இதை அவனிடம் சொல்லிவிடு. என்னால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்குப் பிறகு நீ எழுதாவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

நோலீன்


டுவாடபெரே
ஜூலை 29, 1984

நோலீன்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆயிற்று. இரண்டு நாள் அதைப் பாவாடைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். மூன்றாம் நாள் மர்டோ ரேடியோவில் ரக்பி கேட்டுக்கொண்டிருந்தான். எதிரில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். அவன் ரேடியோவை அணைக்கவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தான்.

படித்து முடித்ததும், "அப்பாடா" என்றான்.

"என்னடா அப்பாடா? உனக்குத் தெரியுமா?"

"என்னக்கா கேள்வி இது. மாத்திடுன்னு சொன்னவனே நான்தானே."

"அப்புறம் ஏண்டா சாலைக்கு வந்துட்டுத் திரும்பிப் போனேன்னு புளுகின?"

"ஆஸ்பத்திரியில கண்ணத் தொறந்தா போலீஸ்காரர் உக்காந்திருக்காரு. 'உன் தங்கச்சி இப்படிச் சொல்லுது, நெசமா?'ன்னாரு. சின்னப் பொண்ணு, அப்பத்தான் வேலைக்குச் சேந்திருக்கா. இல்லைன்னா அவ கதி என்ன? ஆமான்னேன். ஒருதரம் ஆமான்னுட்டா அப்புறம் எப்படி இல்லைங்கறது?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நீ அவள வீட்டுக்குள்ள விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சொல்லாமலும் அவ வரலையேடா," என்றேன். அவன் ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஆமா, அதுதான் கணக்குல தப்பிடுச்சு" என்றான்.

நான் கோழிக்கூட்டில் போய் அரைமணி நேரம் நின்றேன். அவன் கால் போனதற்காக அல்ல. அது நீயும் அவனும் பார்த்துக்கொள்ள வேண்டியது, அவன் எப்போதோ உன்னை விட்டுவிட்டான். என் கோபம் வேறு. நீங்கள் இரண்டு பேரும் முப்பத்துமூன்று வருஷம் அவரவர் மூலையிலிருந்து ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள். நடுவில் பட்டை கட்டி, புண் கழுவி, கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு மட்டும் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்புக்காரிக்கு எதற்கு என்று நினைக்கவில்லை என்பாய். நம்புகிறேன். ஆனாலும் நடந்தது அதுதான். ஏதோ இருக்கிறது என்று நான் மோப்பம் பிடித்தபோதெல்லாம், "அக்காவுக்கு சந்தேக புத்தி" என்று நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். எனக்கே என் புத்தியில் சந்தேகம் வந்த நாட்கள் உண்டு. அதற்கு நீ என்ன பதில் எழுதினாலும் எனக்குப் போதாது, அதனால் எழுதாதே.

இப்படிச் செய். ஆகஸ்ட் 6, திங்கள், நீ இங்கே வருகிறாய். நான் அதே நாள் பஸ்ஸில் டனீடின் போகிறேன். ஒரு மாதம் உன் வீட்டில் இருப்பேன், சாவியை எங்கே வைப்பாய் என்று எழுது. கிர்ஸ்டிக்குச் சமைத்துப் போடுவேன். அவள் படிக்கிற இடத்தைப் பார்ப்பேன். சனி ஞாயிறுகளில் அவள் என்னை மலைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். நீ மர்டோவோடு இருக்கிறாய். அவன் முகத்தைப் பார்க்க முடியாது என்றால் அவன் காலைப் பார், பிறகு முகத்துக்கு வரலாம்.

மர்டோவிடம் சொல்லிவிட்டேன். "அவ வெக்கற கறிய நான் எப்படித் திங்கறது?" என்றான். மற்றபடி மறுப்பு இல்லை. முந்தாநாளிலிருந்து சவரம் செய்துகொள்கிறான்.

காலையில் அவன் எழுந்ததும் கட்டைக்காலைப் பூட்டாதே, ஒரு மணி நேரம் போகட்டும். பட்டையில் உள்பக்கக் கொக்கி முதலில், வெளிப்பக்கம் அடுத்து. கால் வெட்டிய முனையில் சிவப்பு இருந்தால் அன்று முழுக்கக் கழற்றி வை, அவன் ஒன்றுமில்லை என்று சொல்வான், கேட்காதே. பவுடர் ஜன்னல் தட்டில் இருக்கிறது. குளிர் அதிகமான நாட்களில் இல்லாத பாதம் அரிக்கிறது என்பான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைக்காதே, உண்மையிலேயே அரிக்கும், பல்லைக் கடித்துக்கொள்வான். அப்போது கட்டிலோரம் உட்கார்ந்து, போர்வையின் மேல், பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் விரலால் சொறிந்துவிட வேண்டும். மேலே, கீழே, கட்டைவிரல் பக்கம் என்று அவன் சொல்வான். சொல்கிற இடத்தில் சொறி. போதும் என்று அவனாகச் சொல்கிறவரை கையை எடுக்காதே.

உன் அக்கா,
தெல்மா